ஒரு 'நீ' பாக்கி

வலது தோள் அன்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

காலையிலிருந்து ஈரப் பலகை. மழையில் ஊறிய பைன் பலகை பிணக் கனம் கனக்கும். தோளில் கட்டிய தோல்திண்டு நனைந்து, அதன் தையல் சதையில் கோடு போட்டிருந்தது. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் மரத்தூள் வாசனையோடு சைமி ரந்தலா நேராகத் தொழிலாளர் மன்றத்து நூலகத்துக்கு வந்திருந்தாள். மேல்தட்டில் அந்தப் புத்தகம் தெரிந்தது. கையைத் தூக்கினாள். நெஞ்சுவரைக்கும் வந்த கை, அதற்கு மேல் போக மறுத்தது.

'நினிவேயின் ஓடக்காரன்.' கோடை முழுக்க ஆள் மாற்றி ஆள் கையில் சுற்றிக்கொண்டிருந்த நாவல். போரி ஊரில் மரம் அறுக்கிறவனும் படித்தான், மீன் விற்கிறவளும் படித்தாள். எங்கேயோ ஒரு பாலைவன தேசத்தில், எந்தக் காலத்திலோ எரிந்துபோன ஒரு நகரத்தின் கதை. அதற்கு இங்கே ஏன் இத்தனை கூட்டம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. சண்டை முடிந்து மூன்றாவது இலையுதிர்காலம் அது. கேட்க என்ன இருக்கிறது?

சைமி பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை கையைத் தூக்கினாள்.

அவள் தலைக்கு மேலாக ஒரு கை நீண்டது. நகக்கண்ணெல்லாம் மரப்பிசின் ஏறிக் கறுத்த கை. அலட்டிக்கொள்ளாமல் புத்தகத்தை எடுத்தது.

"இதைத்தான் தேடறியா நீ?"

திரும்பினாள். தொப்பியிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒருத்தன் நின்றான். இமை மயிரில்கூட ஒரு துளி... விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே சாம்பல் நிறக் கண்கள். மேகம் கவிழ்ந்த நேரத்து ஆறு மாதிரி.

அந்தக் கண்ணைப் பார்த்த ஒரு நொடி அவள் கோபப்பட மறந்துபோனாள். அப்புறம் ஞாபகம் வந்தது.

"யாரைப் பாத்து 'நீ'ங்கறீங்க?"

அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். "இங்க வேற யாரும் இல்லியே."

"முன்னப் பின்னத் தெரியாத பொண்ணை 'நீ'ன்னுதான் கூப்புடுவீங்களா உங்க ஊர்ல?"

"ஆமா," என்றான் அவன், ஒளிவு மறைவில்லாமல். "எங்க ஊர்ல பாதிரியாரையே 'நீ'ன்னுதான் சொல்வோம். மாட்டையும் 'நீ', கலெக்டரையும் 'நீ'."

பேச்சு இழுவையிலேயே தெரிந்துவிட்டது. கரேலியாக்காரன். எல்லைக்கோடு நகர்ந்தபோது ஊரோடு கிளம்பி வந்தவர்களில் ஒருத்தன். இவர்களுக்கு வாய் ஓயாது, கை ஓயாது, முன்பின் தெரியாதவனையும் உட்காரவைத்துச் சோறு போடுவார்கள், உடனே 'நீ' போடுவார்கள்... பலகைக் களத்துப் பெண்கள் சொல்லிச் சிரிப்பதுண்டு.

"இது போரி. இங்க 'நீ' வேணும்னா கேட்டுத்தான் வாங்கணும். அதுவும் ஆம்பளை கேக்கக்கூடாது. பொண்ணாப் பாத்து, கை நீட்டி, பேரைச் சொல்லிக் குடுக்கணும். அதுவரைக்கும் 'நீங்க'."

"குடுக்கலன்னா?"

"சாகுற வரைக்கும் 'நீங்க'தான்!"

அவன் தொப்பியைக் கழற்றினான். நனைந்த வைக்கோல் நிறத் தலைமுடி. ரொம்ப மரியாதையாக, கேலி கண்ணில் மட்டும் தெரிய, இடுப்பு வளைத்துக் குனிந்தான்.

"மன்னிச்சுக்குங்க மேடம். என் பேர் தௌனோ முஸ்தோனன். ரைசாலாவுல இருந்து வந்தவன். ஆத்துல துறட்டி போட்டுக் கட்டை பிரிக்கிறவன். தாங்கள் தேடிய புத்தகம் தங்கள் திருக்கரத்தில்..." என்று நீட்டப்போனவன் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டான். "...குடுக்கலாம்தான். ஆனா எனக்கும் இதுதான் வேணும்."

இருவரும் புத்தகத்தின் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தில்தான் நூலகர் மிஸ் க்ரான்லுண்ட் வந்து சேர்ந்தார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். இருவர் கையையும் விலக்கினார். அட்டையை விரித்துக் காட்டினார். உப்பி, அலை அலையாய்ச் சுருண்டிருந்தது.

"போன தடவை எடுத்துட்டுப் போன புண்ணியவான் இதைச் சவ்னாவுக்குள்ள, நீராவிக் குளியல்ல வெச்சுப் படிச்சிருக்கார். இனிமே இது இந்த அறையை விட்டு வெளிய போகாது. ஞாயித்துக்கிழமை மதியம் வாசிப்பறை திறந்திருக்கும். யாருக்கு வேணுமோ, இங்க உக்காந்து படிக்கலாம்."

"யாருக்குன்னா... எங்க ரெண்டு பேர்ல?" என்றாள் சைமி.

"உங்களுக்கு ஆளுக்கு ரெண்டு கண்ணு இருக்கு. மேசை ஒண்ணு இருக்கு. பெரியவங்கதானே?" என்றபடி போய்விட்டார் மிஸ் க்ரான்லுண்ட்.

*

அப்படித்தான் ஆரம்பித்தது.

ஜன்னலோர மேசை. நடுவில் புத்தகம். இந்தப் பக்கம் சைமி, அந்தப் பக்கம் அவன். வெளியே மழை... ஓடைபோலக் கண்ணாடியில் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒருவர் படித்து முடித்ததும் விரலால் மேசையை மெல்லத் தட்ட வேண்டும். இருவரும் தட்டினால்தான் பக்கம் திரும்பும். இது தௌனோ போட்ட சட்டம்.

பெரும்பாலும் சைமிதான் முதலில் தட்டுவாள். அவன் நிதானமாகப் படிப்பான். உதடு லேசாக அசையும். அந்த இடைவெளியில் அவளுக்குச் செய்ய வேலை இருக்காது. ஆகவே பார்ப்பாள். இமையை. கன்னத்தில் சவரக்கத்தி பட்ட கீறலை. காதோரம் எலும்பு துருத்திய இடத்தை... 'பலகைக்குக் கணு பாக்கற மாதிரி பாக்கறியேடி' என்று தன்னையே திட்டிக்கொண்டு கண்ணை எடுப்பாள். கண் போன வழியே திரும்பி வந்துவிடும்.

அந்த முதல் நாள் சண்டைக்குப் பின் அவன் ஒருதரம்கூட 'நீ' சொல்லவில்லை. சொல்லுக்குச் சொல் 'நீங்க'. நனைந்த சட்டையைக் காயப்போடுகிற மாதிரி ஒவ்வொரு 'நீங்க'வையும் உதறி உதறிப் போட்டான்.

"நீங்க குளிர்ல நடுங்கறீங்க. நீங்க என் கோட்டைப் போட்டுக்குங்க, மிஸ் ரந்தலா."

"இத்தனை 'நீங்க' வேணாம். ஒரு வாக்கியத்துக்கு ஒண்ணு போதும்."

"போரி வழக்கம் எனக்கு அவ்வளவு தெரியாதுங்க. கூடக் குறைச்சு இருந்தா நீங்க பொறுத்துக்கணும் நீங்க."

அவள் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிறு, கைக்குட்டையில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தான். வாசிப்பறையில் தின்னக்கூடாது என்று வெளிப்படியில், தாழ்வாரத்துக்குக் கீழே உட்கார்ந்து பிரித்தார்கள். ரை தானிய மாவை மெல்லிசாகத் தேய்த்து, நடுவில் உருளைக்கிழங்கு வைத்து, ஓரத்தைச் சுருக்கிச் சுருக்கிச் சுட்டிருந்தது.

"என்னது இது? செருப்புக்கு அளவு எடுத்த மாதிரி?"

"கடிச்சுப் பாருங்க. செருப்பு இல்லன்னு நாக்கு சொல்லும். அரிசி வெச்சுத்தான் செய்யணும். அரிசி எங்க கிடைக்குது இப்ப?"

கடித்தாள். வெண்ணெய் விரலோரம் வழிந்தது. இன்னொன்றும் தின்றாள். அப்பாவுக்கு ஒன்றை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். பலகை தூக்கியே முழங்கால் தேய்ந்து வீட்டில் கிடக்கிற மனுஷர் அவர். அம்மா போனதிலிருந்து சைமியின் கையில்தான் சாப்பிடுகிறார்.

"யாரு சுட்டது?"

"நான்தான். அம்மா கத்துக் குடுத்தா. போன வருஷம் அவளும் போயிட்டா." கைக்குட்டையை மடித்தான். "இந்த ஊர்ல புதைக்கிறதுக்கு மண் ஈரமா இருந்துச்சு. அவளுக்குப் பிடிச்சிருக்காது."

சைமி அவன் பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான். அன்றைக்கு அவர்கள் நாவலில் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை.

*

நாவல் முடிகிற ஞாயிறும் வந்தது.

தௌனோ அன்றைக்குக் கஞ்சி போட்ட சட்டையில் வந்திருந்தான். முடியைத் தண்ணீர் போட்டு அழுத்திச் சீவியிருந்தான். எதையோ சொல்ல வாயைத் திறப்பதும், 'முடியட்டும்' என்று புத்தகத்தைக் காட்டுவதுமாக இருந்தான்.

நினிவே எரிகிறது. ஓடக்காரன் நபூவிடம் ஒரே ஒரு படகு. நிறையக் குழந்தைகள் ஏறிவிட்டார்கள். இன்னும் ஒருத்தருக்குத்தான் இடம். அவனுக்கு. அல்லது அவன் நேசிக்கிற சாயக்காரி அயாவுக்கு. கடைசி வரி வருகிறது: படகு நகர்ந்தது, அலை ஓயும்வரை ஹேன் கரையில் நின்றார்.

ஹேன். அவர்கள் பாஷையில் அவனுக்கும் அந்தச் சொல்தான், அவளுக்கும் அதே சொல்தான்.

இருவரும் ஒரே நேரத்தில் மேசையைத் தட்டினார்கள். திருப்பப் பக்கம் இல்லை.

"பாவம் அவன்..." என்றாள் சைமி, கண்ணைத் துடைத்தபடி.

"பாவம் அவ..." என்றான் தௌனோ.

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அவளா? நின்னது அவன்தான்! ஊரை விட்டு வர அவனுக்கு மனசு வரல. அதான் அவளை ஏத்தி விட்டுட்டான்."

"இல்லீங்க. படகைத் தள்ளத் தெரிஞ்சவன் அவன். அவன் இல்லாம குழந்தைங்க எப்படிக் கரை சேரும்? அவதான் நின்னா. நிக்கணும். யாராச்சும் ஒருத்தர் அங்க நின்னாத்தான் அது ஊரு."

"எழுதினவர் எங்க அப்படிச் சொன்னார்?"

"எழுதினவர் எதையுமே சொல்லல. நல்லாத் தப்பிச்சுட்டார்."

பேச்சு விளையாட்டாகத்தான் தொடங்கியது. ஆனால் சைமிக்குத் தோள் வலித்தது, கண் கலங்கியிருந்தது, அவன் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறான்... வாயில் வந்ததைச் சொன்னாள்.

"உங்களுக்கு எப்படிப் புரியும்? விட்டுட்டு வந்தவங்களுக்கு விட்டுட்டுப் போறது லேசு. பழகிப்போச்சு. எங்களை மாதிரி ஒரே இடத்துல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே சுட்டது.

தௌனோ புத்தகத்தை மூடினான். உப்பிய அட்டையை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி, அது தட்டையாகாது என்று தெரிந்த பிறகும் அழுத்தினான். எழுந்தான்.

"உங்க பேர்லயே 'ரந்தா'ன்னு கரை இருக்கு, மிஸ் ரந்தலா. நீங்க நகர வேண்டிய அவசியம் வராது." குரலில் கேலி இல்லை. அதுதான் மோசம். "வர்றேங்க."

'நில்லுங்க' என்று ஒரு சொல். மன்னிப்புகூட வேண்டாம், அந்த ஒரு சொல் போதும். ஆனால் பலகைக் களத்தில் வளர்ந்த பெண். கீழே போட்ட பலகையைக் குனிந்து எடுப்பது அவளுக்கு எப்போதுமே கஷ்டம். கதவு சாத்திக்கொண்டது.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. மிஸ் க்ரான்லுண்ட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

*

"உன் புத்தகக்காரன் போறானாமே?"

பலகை அடுக்கின் உச்சியிலிருந்து கேட்டாள் மார்த்தா. சைமி கீழிருந்து நீட்ட, மேலே வாங்கி அடுக்குவது அவள் வேலை. நாலு பிள்ளை பெற்றவள். வாய்க்குப் பூட்டு இல்லாதவள்.

சைமி நீட்டிய பலகை பாதியில் நின்றது. "எங்க போறான்?"

"வடக்கே கைனூவுல சர்க்கார்ல காடு ஒதுக்கிட்டாங்களாம் அவனுக்கு. வெட்டித் திருத்தி வயலாக்கிக்கணும். ஓலை வந்து ரெண்டு வாரமாச்சாம். நாளைக்கு மதிய ரயில். மாட்டையும் கூட்டிட்டுப் போறான். ஆத்துக்காரங்க சொன்னாங்க."

இரண்டு வாரம். கஞ்சி போட்ட சட்டை. திறந்து திறந்து மூடிய வாய். 'முடியட்டும்' என்று புத்தகத்தைக் காட்டிய விரல்... எல்லாம் வரிசையாக வந்து அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தன. ஈரப் பலகையைவிடக் கனமாக.

"போகட்டும்," என்றாள் சைமி. "எனக்கென்ன."

"உனக்கு ஒண்ணுமில்லதான். அதான் இந்த வாரம் பூரா என் உசுரை வாங்கினே. கரையில நின்னது அவனா, அவளா, அவனா, அவளான்னு. நான் அந்தப் புத்தகத்தைக் கண்ணால பாத்ததில்ல. கதை எனக்கு மனப்பாடம்." மார்த்தா குனிந்து கையை நீட்டினாள். "அந்த நினிவேப் படகு என்ன ஆச்சோ, எனக்குத் தெரியாது. இந்தப் படகு நாளைக்கு மத்தியானம் கிளம்புது. பலகையைக் குடுடி, கை வலிக்குது!"

*

சரக்கு நடைமேடையில் தூறல். ஒரு செவலை மாடு நாலு காலையும் ஊன்றிக்கொண்டு, வண்டிக்குப் போட்டிருந்த சாய்வுப் பலகையில் ஏற மாட்டேன் என்று நின்றது. தௌனோ முன்னால் நின்று கயிற்றை இழுத்தான். கெஞ்சினான். திட்டினான். மாடு அசையவில்லை.

சைமி தூண் ஓரமாக நின்றாள். எவ்வளவு யோசித்து வைத்திருந்தாள் வழியெல்லாம்! ஒரு வார்த்தைகூட ஞாபகமில்லை. மாட்டின் கால் ஈரப் பலகையில் வழுக்கியது. அவ்வளவுதான், அவள் மாட்டை நோக்கி ஓடினாள். வலதுதோளை மாட்டின் தொடையில் கொடுத்து நின்றாள். வலி மூளைவரை ஏறியது.

"வாம்மா... வாடி கண்ணு... நீ நல்ல பொண்ணு இல்லியா? நீ பயப்படாதே. நான் பிடிச்சுக்கறேன்ல? நீ ஏறு..."

மாடு கொஞ்சம் யோசித்தது. ஏறியது.

கயிற்றின் மறுமுனையில் தௌனோ அப்படியே நின்றான். இமையில் ஒரு துளி. அன்றைக்குப் போலவே, விழலாமா வேண்டாமா என்று.

"மாட்டுக்குன்னா உடனே 'நீ' வருது உங்களுக்கு," என்றான்.

"மாடு என்னை எதிர்த்துப் பேசல."

"மன்சிக்கிக்குப் பேச வராது. இல்லன்னா பேசியிருக்கும்." அவன் மாட்டின் கழுத்தைத் தடவினான். "ரைசாலாவுல இருந்து என்கூட நடந்தே வந்தவ. அங்க பொறந்து இப்ப என்கிட்ட உசுரோட இருக்கறது இவ ஒருத்திதான்."

சைமி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். "அன்னைக்கு நான்... லேசுன்னு சொன்னேனே. அது தப்பு. சொன்ன வாயைத் தைக்கணும்."

சாய்வுப் பலகையில் உட்கார்ந்தான். அவளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தான்.

"நாங்க கிளம்பறப்ப அடுப்புல ரொட்டி வெந்துட்டு இருந்துச்சு. எடுத்துக்கலாம்னேன். அம்மா வேணாம்னுட்டா. 'இங்க வந்து குடியேறப் போறவங்களும் பசியோடதான் வருவாங்க'ன்னா. அடுப்பைப் பாத்துட்டுக் கதவைச் சாத்திட்டு வந்தா. அதனால எனக்கு... கரையில ஒரு பொம்பளை நிக்கறான்னு நினைச்சா ஒரு ஆறுதல். ரொட்டியைப் பாத்துக்கிட்டு. வேற ஒண்ணுமில்ல."

தூறல் கூரைத் தகரத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. சைமி அவன் விட்ட இடத்தில் உட்கார்ந்தாள். அந்தப் புத்தகத்தைப் பாதி ஊர் படித்தது. இவன் ஒருத்தன்தான் அதற்குள் போய் வீட்டுக் கதவைத் தேடியிருக்கிறான்.

"அன்னைக்குச் சொல்ல வந்தது என்ன?"

"எதைச் சொல்றீங்க?"

"கஞ்சி போட்ட சட்டையைச் சொல்றேன்."

அவன் சிரித்தான். காது சிவந்தது. "எனக்கு மனசுல ஒருத்தர் இருக்காங்க..."

"ஆணா, பொண்ணா? நம்ம பாஷையில அது தெரியாதே."

"பலகை தூக்கறவங்க. கோபக்காரங்க. எதிர்ல இருக்கறவன் பக்கத்தை முடிக்கறதுக்குள்ள அவனைத் திருட்டுத்தனமாப் பாக்கறவங்க."

"அய்யோ!" சைமி முகத்தைப் பொத்திக்கொண்டாள். "தெரியுமா?"

"நான் எப்பவோ படிச்சு முடிச்சிடுவேன். நீங்க பாத்து முடிக்கணும்னுதான் உதட்டை அசைச்சுட்டு உக்காந்திருப்பேன்."

அடிக்க ஓங்கிய கை, தோள் வலியில் பாதியில் நின்றது. அவன் அதைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை. பிறகு சிரிப்பு அடங்கிய குரலில், கீழே பார்த்துக்கொண்டு சொன்னான்:

"அங்க வீடு இல்ல. காடுதான். முதல்ல ஒரு சவ்னா கட்டணும். இந்தக் குளிர்காலம் அதுக்குள்ளதான், நானும் அடுப்பும், சுவருக்கு அந்தப் பக்கம் மன்சிக்கியும். இதைச் சொல்லிட்டு ஒரு பொண்ணுகிட்ட என்னத்தைக் கேக்கறது?"

"கேட்டாத்தானே தெரியும்."

"'நீ'ன்னு கூப்புடவே அனுமதி இல்லாதவன் இதைக் கேப்பானா?"

இன்ஜின் ஒருதரம் ஊதியது. யாரோ கொடி காட்டினார்கள். சைமி எழுந்தாள். அவன் பிடியிலிருந்த கையை உருவி, பாவாடையில் மறுபடி துடைத்து, முறையாக, போரி வழக்கப்படி, நேராக நீட்டினாள். தோள் முனகியது. முனகட்டும்.

"சைமி," என்றாள்.

அவனுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. தொப்பியைக் கழற்றினான். கேலி எங்குமே இல்லை இப்போது.

"தௌனோ," என்றான். கையைப் பற்றினான். பிசின் படிந்த கையும் பலகை தேய்ந்த கையும். "இனிமே..."

"இனிமே 'நீங்க' இல்ல."

"நீ வருவியா, சைமி?"

அந்தச் சொல்லை அவன் அத்தனை ஞாயிறும் வாய்க்குள்ளேயே வைத்திருந்தான் போல. அவ்வளவு சூடாக இருந்தது அது.

"பனி உருகட்டும். அப்பாவுக்கு முழங்கால்தான் போச்சு, கோடாலி பிடிக்கிற கை நல்லா இருக்கு. அவரையும் கூட்டிட்டு வந்தா உன்... உங்..." அவள் நிறுத்தினாள். வேர்த்துவிட்டது. "கரையில நிக்கற ஆளு நான் இல்ல. அவ்வளவுதான் சொல்ல முடியும் இப்ப."

"சொன்னது போதும். ஆனா யார்கிட்ட வர்றே? அதையும் சொல்லிடு."

"உங்க... கிட்ட."

"தப்பு! மறுபடி!"

"வரலியே! வாய் பழகலியே!" மாட்டுக்கு வந்த சொல், மார்த்தாவுக்கு வந்த சொல், இவனுக்கு மட்டும் நாக்கு நுனிவரை வந்து வெட்கப்பட்டுத் திரும்பிப் போகிறது.

வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது. அவன் மாடு நின்ற பெட்டிக்குள் தாவி ஏறினான். சைமி கூடவே நடந்தாள்... ஓடினாள்... நடைமேடை முடிகிற இடத்தில் நின்று, வலிக்கிற கையையே தலைக்கு மேல் தூக்கி, மழைக்கு எதிராகக் கத்தினாள்.

"பாத்துப் போ!"

அவன் முகம் மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு வெட்கம் தாங்கவில்லை.

"...ங்க!" என்று சேர்த்துவிட்டாள்.

தௌனோ சிரித்த சிரிப்பு சக்கரச் சத்தத்துக்கு மேலே கேட்டது. மன்சிக்கிகூட ஒரு குரல் கொடுத்தது. வளைவு திரும்பும்வரை அவன் விரலால் வண்டிக் கதவைத் தட்டிக்கொண்டே போனான், மெல்ல, பக்கம் திருப்பலாமா என்று கேட்கிற மாதிரி.

சைமி தோளைப் பிடித்துக்கொண்டு மழையிலேயே நின்றாள். கையில் மாட்டு வாசனை, பிசின் வாசனை. வருவதாக வாக்கு கொடுத்தாயிற்று, மனசு கொடுத்தாயிற்று, பேரைச் சொல்லிக் கையும் கொடுத்தாயிற்று.

அவனுக்கு ஒரு 'நீ' தர வேண்டியிருக்கிறது. அது மட்டும் இன்னும் பாக்கி.